எண்ண முடியாத பெட்டி: போலிப் பென்டிரைவைக் கண்டறிய ஒரு வகுப்பறைச் செயல்பாடு

தீப்பெட்டியின் மேல் '50 குச்சிகள்' என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே 50 இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டால், "கொட்டி எண்ணணும் சார்" என்று உடனே பதில் வரும். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை தெரியாத வீடு குறைவு. 14 ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. அப்போதுதான் 36 குச்சி 50 ஆனது. விலைக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள கணக்கை எங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே படித்துவிட்டு வருகிறார்கள்.

அடுத்து, ஒரு பென்டிரைவை மேசை மீது வைத்தேன். அதன் மேல் '2 டிபி' என்று இருந்தது. "இதை எப்படி எண்ணுவீர்கள்?" என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவன், "கம்ப்யூட்டர்ல செருகினா காட்டும் சார்" என்றான். செருகினோம். கணினியும் 2 டிபி என்றே காட்டியது. "அப்ப சரிதான் சார்" என்று வகுப்பு முழுவதும் ஒப்புக்கொண்டது.

உண்மையில் அது 8 ஜிபி பென்டிரைவ்.

கணினி பென்டிரைவின் கொள்ளளவை அளந்து சொல்வதில்லை. "உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று பென்டிரைவிடமே கேட்கிறது. அது சொல்லும் விடையைத் திரையில் காட்டுகிறது. தீப்பெட்டியின் மேல் அச்சிட்டதைப் படித்துவிட்டு, எண்ணிவிட்டேன் என்று சொல்வது போன்றதுதான் இது. இணையத்தில் மலிவாக விற்கும் போலிப் பென்டிரைவுகள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

அந்தப் பென்டிரைவ் என்னிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பக்கத்து நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை கொண்டுவந்தது அது. அங்கே பிள்ளைகள் ஒரு நல்ல வேலையில் இறங்கியிருந்தார்கள். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்ததைத் தமிழாசிரியர் வகுப்பில் சொல்லப்போக, ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் மானாவாரி வெள்ளாமைச் சொற்களைக் கேட்டு வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். கம்பு, குதிரைவாலி, உளுந்து, பருத்தி என ஒவ்வொன்றுக்கும் விதைப்பில் தொடங்கிக் களம் வரை. ஐந்து ஐந்து நிமிடமாக 43 வீடியோக்கள். ஆசிரியரின் கைபேசி நிறைந்துவிட்டது. முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்த 2 டிபி பென்டிரைவுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கைபேசியில் இருந்ததை அழித்தார்கள். பென்டிரைவில் 43 பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன.

ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் திறந்து பார்த்தபோது முதல் 11 வீடியோக்கள் ஓடின. 12ஆவது பாதியில் நின்றது. 13 முதல் 43 வரை ஒன்றும் திறக்கவில்லை.

"சார், 29ஆம் நம்பர் மட்டுமாவது எடுத்துத் தர முடியுமா? அந்தப் பாட்டி தை மாசம் இறந்துட்டாங்க" என்றார் தலைமையாசிரியை.

முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அழித்த கோப்பை மீட்க மென்பொருள்கள் உண்டு. எழுதப்படாத கோப்பை எதைக் கொண்டும் மீட்க முடியாது. 29ஆம் வீடியோ அந்தப் பென்டிரைவில் ஒரு கணம்கூட இருந்ததில்லை. கைபேசியில் அழித்த இடத்திலும் அதற்குள் வேறு படங்கள் ஏறிவிட்டன. ஓடிய 11 வீடியோக்களை உடனே கணினிக்கு எடுத்து வைத்தோம். செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது? பென்டிரைவுக்குள் முக்கியமாக இரண்டு பாகங்கள். ஒன்று, தரவைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகச் சில்லு. மற்றொன்று, கன்ட்ரோலர் எனும் கட்டுப்படுத்திச் சில்லு. கணினி நேரடியாக நினைவகத்தைத் தொடுவதே இல்லை. எல்லாம் கன்ட்ரோலர் வழியாகத்தான். அந்தக் கன்ட்ரோலரும் ஒரு குட்டிக் கணினிதான், அதற்கும் ஒரு நிரல் உண்டு. 2013 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் ஆண்ட்ரூ ஹுவாங், ஷான் கிராஸ் என்ற இரு பொறியாளர்கள், மெமரி கார்டுக்குள் இருக்கும் இந்தக் குட்டிக் கணினியின் நிரலை வெளியிலிருந்தே மாற்றிவிட முடியும் என்று செய்து காட்டினார்கள். போலி தயாரிப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். 8 ஜிபி சில்லை வைத்துவிட்டு, "யார் கேட்டாலும் 2 டிபி என்று சொல்" என நிரல் எழுதிவிடுகிறார்கள். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் நினைவகத்தின் தொடக்கத்திலேயே இருப்பதால் அது மட்டும் ஒழுங்காகப் பதிவாகிறது. அதனால்தான் 43 பெயர்களும் தெரிந்தன.

இதை எட்டாம் வகுப்புக்கு விளக்க ஒரு விளையாட்டு வைத்தேன். கன்ட்ரோலர் என்று சொல்வதைவிடக் கணக்குப்பிள்ளை என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. தேவையானது ஒரு 40 பக்க நோட்டும் துண்டுச் சீட்டுகளும்தான். நோட்டின் அட்டையில் '400 பக்கம்' என்று ஒட்டிவிட்டேன். ஒரு மாணவனைக் கணக்குப்பிள்ளையாக்கி, நோட்டோடு ஒரு துணித் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். வகுப்பு நோட்டைப் பார்க்கக் கூடாது, சீட்டுதான் அனுப்பலாம். "பக்கம் 7இல் 'கம்பு' என்று எழுது", "பக்கம் 60இல் 'உளுந்து' என்று எழுது" என்று சீட்டுகள் போகும். ஒவ்வொரு சீட்டுக்கும் கணக்குப்பிள்ளை, "எழுதிவிட்டேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பொருளடக்கத்தில் சொல்லையும் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். 40க்கு மேற்பட்ட பக்கம் என்றால் சீட்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட வேண்டும். இந்த ரகசியம் அவனுக்கு மட்டும் தெரியும்.

பிறகு வகுப்பு திருப்பிக் கேட்கிறது. பக்கம் 7? "கம்பு." பக்கம் 60? பொருளடக்கத்தில் 'உளுந்து' என்று இருக்கிறது, ஆனால் பக்கம் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து வெறும் சிரிப்புதான் வந்தது.

இரண்டாம் சுற்றில் விதியை மாற்றினேன். 40க்கு மேல் போனால் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, இருப்பதை அழித்துவிட்டு எழுத வேண்டும். பக்கம் 41 என்பது பக்கம் 1. பக்கம் 60 என்பது பக்கம் 20. பக்கம் 247? "40ஆல் வகுத்தா மீதி 7 சார்!" அப்போது 7இல் இருந்த கம்பும் போயிற்று. போலிப் பென்டிரைவுகளில் இந்த வகையும் உண்டு. முதல் வகையில் புதிதாக எழுதுவதுதான் போகும். இந்த வகையில் முன்பு நல்லபடி எழுதியதும் சேர்ந்து போகும். மீதி காணும் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

மூன்றாம் சுற்றுதான் இந்த வகுப்பின் சாரம். இப்போது நோட்டு எத்தனை பக்கம் என்று வகுப்புக்குத் தெரியாது. திரையை விலக்காமல் கணக்குப்பிள்ளையின் குட்டை உடைக்க வேண்டும். எப்படி? முதலில் வந்த யோசனை, "எல்லாப் பக்கத்திலும் 'பருத்தி'ன்னு எழுதச் சொல்லி, அப்புறம் எல்லாத்தையும் கேட்போம்" என்பது. செய்து பார்த்தோம். இரண்டாம் சுற்றின் விதிப்படி நடக்கும் கணக்குப்பிள்ளை தப்பித்துவிட்டான். பக்கம் 60ஐக் கேட்டால் பக்கம் 20ஐப் பார்த்து 'பருத்தி' என்கிறான். விடை சரியாகத்தானே இருக்கிறது! ஒரு மாணவி எழுந்து, "ஒவ்வொரு பக்கத்திலும் வேற வேற எழுதணும் சார். பக்க நம்பரையே எழுதச் சொல்லலாம்" என்றாள். பக்கம் 60இல் 60 என்று எழுதச் சொல்லிவிட்டு, பிறகு பக்கம் 20ஐக் கேட்டால் 60 என்று வரும். அகப்பட்டுக்கொண்டான்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. கடைசியாக வந்த ஐந்து சீட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப்பிள்ளைக்குச் சலுகை தந்திருந்தேன். எழுதியவுடனே கேட்டால், கையிலிருக்கும் சீட்டைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடுகிறான். நிறைய எழுதச் சொல்லி, சீட்டுகளை வாங்கிக்கொண்டு, பிறகு கேட்டால்தான் உண்மை வெளிவருகிறது. கணினியும் அப்படித்தான். சற்றுமுன் நகலெடுத்த கோப்பைத் தன் சொந்த நினைவகத்தில் சிறிது நேரம் வைத்திருக்கும். உடனே திறந்தால் கோப்பு நன்றாக ஓடும். அதனால் பென்டிரைவை முறைப்படி வெளியே எடுத்து, மறுபடி செருகி, அதன் பிறகு திறந்து பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் கண்டுபிடித்த இந்த இரண்டு விதிகளின்படிதான் உண்மையான சோதனை மென்பொருள்களும் இயங்குகின்றன. விண்டோஸ் கணினிக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸுக்கு எஃப்3 இருக்கிறது. இதில் எஃப்3ரைட், எஃப்3ரீட் என இரண்டு கட்டளைகள். முதலாவது எழுதும், அடுத்தது படித்துப் பார்க்கும். இரண்டு மென்பொருள்களும் ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு தரவை எழுதி, பென்டிரைவ் முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடுகின்றன. எவ்வளவு சரியாக இருக்கிறது, எவ்வளவு தொலைந்தது என்று எண்ணிக்கையோடு சொல்லிவிடும். காலியான பென்டிரைவில்தான் இதைச் செய்ய வேண்டும். அதில் ஏதாவது இருந்தால் முதலில் வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். மென்பொருள் எதுவும் இல்லாத பள்ளியில், அளவு தெரிந்த பெரிய வீடியோ ஒன்றை வெவ்வேறு பெயர்களில் நகலெடுத்துப் பென்டிரைவை நிரப்பி, வெளியே எடுத்து மீண்டும் செருகி, கடைசியாக நகலெடுத்த சிலவற்றையும் நடுவில் சிலவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம். ஒரே வீடியோவை வைத்துச் சோதித்தால் 'பருத்தி' ஓட்டை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வெவ்வேறு வீடியோக்கள் இருந்தால் நல்லது.

எவ்வளவு நேரம் ஆகும்? இதுவும் ஒரு கணக்குதான். நொடிக்கு 8 எம்பி வேகத்தில் எழுதும் பென்டிரைவ் 64 ஜிபியை நிரப்ப 8,000 நொடி, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே வேகத்தில் 2 டிபிக்கு 2,50,000 நொடி. ஏறத்தாழ மூன்று நாள்! வாங்கியவர் யாரும் முழுமையாக நிரப்பிப் பார்ப்பதில்லை, அதற்குள் பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும் என்பதுதான் விற்பவரின் தைரியம். பெரிய கொள்ளளவுக்கு, முழுவதையும் நிரப்பாமல் பல நூறு இடங்களில் மட்டும் எழுதிப் படித்துப் பார்க்கும் வேலிடிரைவ் என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் இருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 16 ஜிபி பென்டிரைவைச் செருகினால் விண்டோஸ் 14.9 என்று காட்டும். இதைப் பார்த்துப் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடக் கூடாது. தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது 10இன் அடுக்கு 9, அதாவது 100 கோடி பைட். விண்டோஸுக்கு 2இன் அடுக்கு 30, அதாவது 107,37,41,824 பைட். 1,600 கோடியை இதனால் வகுத்தால் 14.9 வரும். 32க்கு 29.8, 64க்கு 59.6. அடுக்குகள் பாடம் நடத்தும்போது இந்த வகுத்தலைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் மெமரி கார்டை எல்லாம் மறுநாளே எடுத்து வந்துவிடுவார்கள்.

வாங்கும்போதே சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. முதலாவது விலை. அந்த 2 டிபி பென்டிரைவின் விலை 599 ரூபாய். ஒரு ஜிபிக்கு 30 காசு. அதே நேரத்தில் எங்கள் கடைவீதியில் பெயர் தெரிந்த நிறுவனத்தின் 64 ஜிபி 450 ரூபாய். ஒரு ஜிபிக்கு ஏழு ரூபாய். இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். 2 டிபி பென்டிரைவே உலகில் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கிங்ஸ்டன் நிறுவனம் 2017இலேயே அந்த அளவில் ஒன்றை அறிவித்தது. ஆனால் அப்படிப்பட்டவை பல ஆயிரம் ரூபாய்க்குத்தான் கிடைக்கும். அடுத்தது செருகும் முனை. யுஎஸ்பி 3.0 என்றால் முன்வரிசையில் நான்கும் அதன் பின்னால் ஐந்தும் ஆக ஒன்பது உலோகத் தொடுமுனைகள் இருக்க வேண்டும். போலிகள் பலவற்றில் நீல நிறப் பிளாஸ்டிக் மட்டும் இருக்கும். பின்னால் உள்ள ஐந்தும் இருக்காது. அறிவியல் ஆய்வகத்து உருப்பெருக்கியைக் கொடுத்துப் பிள்ளைகளை எண்ணச் சொல்லலாம். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும் உறையில் இருக்க வேண்டியது சட்டம். வெறும் பிளாஸ்டிக் பையில் வந்தால் அங்கேயே கேள்வி எழ வேண்டும். இணையத்தில் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நான் படிப்பதே இல்லை. 'பொருள் வந்துவிட்டது, சூப்பர்' என்பது சோதித்துப் பார்த்தவர் எழுதுவது இல்லையே. ஒற்றை நட்சத்திரக்காரர்கள்தான் நிரப்பிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள்.

கொள்ளளவு சரியாக இருந்தாலும் தரம் வேறு விஷயம். ஜெர்மனியில் தரவு மீட்பு வேலை செய்யும் சிபிஎல் நிறுவனம், பழுதாகி வரும் பென்டிரைவுகளைத் திறந்து பார்த்தால் தயாரிப்பாளர் பெயர் அழிக்கப்பட்ட தரம் குறைந்த சில்லுகள் அதிகம் இருப்பதாக 2024 பிப்ரவரியில் தெரிவித்தது. சிலவற்றில் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டையே பலகையில் பற்றவைத்திருந்தார்களாம். ஆகவே எந்தப் பென்டிரைவும் நிரந்தர இருப்பிடம் ஆகாது. முக்கியமானவை கணினியில் ஒரு பிரதி, வேறொரு கருவியில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பில் ஒரு பிரதி என்று இருக்கட்டும். மூலத்தை அழிப்பதற்கு முன் மற்ற பிரதிகளைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

போலி என்று தெரிந்த பின் அன்பளித்தவரிடம் அதைச் சொல்வதுதான் அந்தத் தலைமையாசிரியைக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் அவர். தன் சம்பளத்தில் வாங்கித் தந்தது. "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்த மாதிரி ஆயிரும் சார்" என்றார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ரசீது அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் இல்லாமல் புகார் நகராது. என் முன்னிலையிலேயே பேசினார். "தம்பி, நீ நல்ல மனசோடதான் குடுத்த. உன்னை யாரோ ஏமாத்திட்டாங்கப்பா." மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "டீச்சர், ஊர்க் கோயில் கமிட்டிக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேனே. கொடை வீடியோ எல்லாம் அதுலதான் வச்சிருக்காங்க" என்றார். அன்று மாலையே கமிட்டிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். நல்லவேளையாக வீடியோ எடுத்தவரிடம் மூலப்பதிவு இருந்தது.

புகார் வழி எளிதுதான். இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு வணிகத் தளமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவர் புகார் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அங்கே நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நமக்குத் தூத்துக்குடி. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான் என்பதால், அன்பளிப்பாகப் பெற்ற பள்ளிக்கும் இதில் இடம் உண்டு. ரசீது, உறை, சோதனை மென்பொருள் காட்டிய முடிவின் படம், விற்பனைப் பக்கத்தின் படம் நான்கையும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கத்தை முதல் வேலையாகப் படம் எடுத்துவிட வேண்டும். எங்கள் கதையில் நாங்கள் தேடும்போது அந்த விற்பனையாளரின் பக்கமே மறைந்துபோயிருந்தது. இளைஞரின் கைபேசியில் பழைய ஆர்டர் விவரம் இருந்ததால் தப்பித்தோம். 1915இல் பதிவு செய்த பிறகு மூன்று வாரத்தில் 599 ரூபாய் திரும்ப வந்தது.

எட்டாம் வகுப்பில் புகார்க் கடிதம் எழுதும் பயிற்சிக்கு இதையே கொடுத்தேன். பெரும்பாலோர் 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்று தொடங்கினார்கள். 'விளம்பரத்தில் 2 டிபி. சோதனையில் சரியாக இருந்தது 7.3 ஜிபி' என்று எண்ணை முதல் வரியில் வைத்தவர்கள் நான்கு பேர். அந்த நான்கு கடிதங்களைப் பலகையில் ஒட்டினோம். மற்றவர்கள் அவற்றைப் பார்த்துத் தங்கள் கடிதத்தைத் திருத்தி எழுதினார்கள்.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் விடுபட்ட வீடுகளுக்கு மறுபடி போனார்கள். 32 பதிவுகளில் 26ஐத் திரும்ப எடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை சில பெரியவர்கள் இன்னும் விரிவாகப் பேசினார்களாம். ஐந்து பேர் வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார்கள், பொங்கலுக்கு வருவார்கள். 29ஆம் எண்ணுக்கு எதிரே பாட்டியின் பேத்தி தனக்கு நினைவிருந்த 14 சொற்களைத் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த 2 டிபி பென்டிரைவ் இப்போது எங்கள் ஆய்வகத்தில், '8 ஜிபி. பாடத்துக்கு மட்டும்' என்ற சீட்டோடு இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது.